கூடுதலாகப் போட்ட இரண்டு பட்டை

தம்பி,

போன வியாழக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். "மாமா வீட்டுக்குப் பத்திரிகைய நீங்களே கொண்டுபோய் வச்சிருங்கம்மா. கண்ணன் இருக்கிற வாசலை நான் மிதிக்க மாட்டேன்" என்றாய். கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். மாப்பிள்ளையாகிய நீயே போய்த் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்காவிட்டால், தை மாதம் உன் கழுத்தில் விழவேண்டிய மாமன் மாலை வராது. வந்தாலும் மனசோடு வராது. இது உனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னாய். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதால்தான் சரி என்றேன்.

இதைப் போனில் சொல்லலாம் என்று மூன்று நாள் முயன்றேன். நீ ஓசூரில் லாரியை ஓரம் கட்டிவிட்டு "சொல்லுங்கம்மா" என்பாய். நான் ஆரம்பிப்பேன். பாதியில் "சரி விடுங்கம்மா, வந்து பேசிக்கலாம்" என்பாய். விடச் சொன்னால் விட்டுவிடுகிறவளாகத்தான் நான் இந்த இரண்டு வருஷமாக இருந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். கணக்கு டீச்சராக முப்பத்தொரு வருஷம் இருந்தவள், எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். உன் பிக்கப் வண்டி நடுங்கியதற்குக் கண்ணன் காரணம் இல்லை. அவன் கல் ஏற்றவில்லை. காரணம் நான். அது எனக்குப் புரட்டாசி மாதமே தெரிந்துவிட்டது. இது ஐப்பசி கடைசி. இனி, எந்த வரியில் தப்பு ஆரம்பித்தது என்று எழுதுகிறேன்.

நீ அந்த வண்டியை எடுத்தபோது ஊரில் எல்லோரும் உன்னிடம் ஒன்றையே கேட்டார்கள், நினைவிருக்கிறதா? "பட்டை ஏத்தியாச்சா?" நம் பக்கத்தில் வண்டிக்குப் பூஜை போடுவதும் பட்டை ஏற்றுவதும் ஒரே வாரத்தில் நடக்கிற சடங்குகள். பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிற ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கட்டிவிட்டால், எவ்வளவு தேங்காய் ஏற்றினாலும் பின்பக்கம் உட்காராது என்று கணக்கு. நீ மாட்டேன் என்றாய். "நான் ஏத்தப்போறது ஒட்டு முந்திரிக் கன்னும்மா. எடையே கெடையாது. பட்டை ஏத்தினா வண்டி தூக்கிப் போடும், ஒட்டு விட்டுப்போயிரும்" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாய். மரத்தை மரத்தோடு சேர்த்துக் கட்டிய அந்தச் சின்ன இடம் எவ்வளவு மென்மையானது என்று ஒரு கன்றை எடுத்துக் காட்டினாய். நான் தலையாட்டினேன். புரிந்தும் இருந்தது.

பிறகு பங்குனியில் உனக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தாய். அம்மை வீட்டில் வியாபாரம் பேசக் கூடாது என்று நான்தான் வண்டிச் சாவியைக் கண்ணனிடம் கொடுத்து, அவன் வேலையைப் போட்டுவிட்டு உன் கன்றுகளை ஓட்டச் சொன்னேன். உன் மாமன் மகன், உன்னைவிட இரண்டு வயசு மூத்தவன், ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. அந்த நாட்களில்தான் கந்தர்வகோட்டைச் சாலையில் ஒரு பிக்கப் பட்டை முறிந்து தேங்காயோடு கவிழ்ந்து கிடந்ததைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓட்டியவனுக்கு உன் வயசுதான் இருக்கும். ரோட்டோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், காயம் பெரிதாக இல்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை எனக்கு அவன் முகம் உன் முகமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் கண்ணனைக் கூப்பிட்டு, "புதுக்கோட்டைக்குப் போய் ரெண்டு பட்டை ஏத்திட்டு வா" என்றேன். "மாப்ள வேணாம்னு சொன்னானே அத்தை" என்றான். "அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொல்லாத" என்றேன். அவன் போட்டுக்கொண்டு வந்தான். புதுப் பட்டைக்கும் பழசுக்கும் வித்தியாசம் தெரியாமல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி நீ எழுந்து வந்த அன்று வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பின்னாடி கொஞ்சம் நிமிந்து நிக்கிற மாதிரி இருக்கேம்மா" என்றாய். "மூணு வாரம் படுத்துக் கெடந்தவனுக்குக் கண்ணு அப்படித்தான்டா தெரியும்" என்றேன். நீ சிரித்துக்கொண்டாய். பொய் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நல்லதை உனக்குத் தெரியாமல் செய்தால் அது இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்குக்கு நீ நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப்புக்கு உன்னைச் சேர்த்துவிட்டேனே, அதைப் போல. "சீட் முடிஞ்சுபோச்சாம்" என்றேன். இரண்டு வருஷம் கழித்து அந்த விண்ணப்பத்தை என் பீரோவில் நீ பார்த்தாய். மடித்து உள்ளேயே வைத்தாய். நீ கத்தியிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ.

வண்டி நடுங்க ஆரம்பித்ததும் நீ பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். ஐம்பதைத் தாண்டினால் உட்கார்ந்த இடத்தில் ஒரு அதிர்வு. பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் எகிறும். டயர் மாற்றினாய். சக்கரத்துக்கு ஈயம் வைத்துச் சமன் பார்த்தாய். எஞ்சினைத் தாங்குகிற ரப்பரை மாற்றினாய். கீழே இருக்கிற நீள ஷாஃப்டின் மூட்டில் கிடக்கிற கிராஸை இரண்டு தடவை மாற்றினாய். மாற்றினால் நான்கு நாள் கொஞ்சம் குறைந்தது போல இருக்கும், பிறகு பழையபடி. எத்தனை மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தார்கள்! பட்டையை எல்லோரும்தான் பார்த்தார்கள். இந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாவற்றிலும் இருப்பதுதானே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கன்றுப் பண்ணைக்காரர் இரண்டு தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நூறுக்கு இருபது ஒட்டு விட்டுப்போய் வருது. நான் வேற வண்டி பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் யாரோ உன்னிடம், நீ படுத்திருந்தபோது வண்டியை நார்த்தாமலைப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள். குவாரியில் கல் ஏற்றி வண்டியின் முதுகை உடைத்துவிட்டான் கண்ணன் என்று நீ முடிவு கட்டினாய். நம் வாசலில் வைத்துக் கேட்டாய். "கன்னு எறக்கத்தான்டா போனேன், அங்க ஒரு தோட்டத்துக்கு" என்றான். நீ நம்பவில்லை. "அப்ப வா. கருப்பர் கோயிலுக்கு வா. சூடத்த ஏத்து. அடிச்சு சத்தியம் பண்றேன்" என்றான். மாமாவும் வந்தார். நானும் வந்தேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுக் கண்ணன் நிமிர்ந்தான். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். "சத்தியம் பண்றவனெல்லாம் யோக்கியனா?" என்றாய். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மகனைத் திருடன் என்றால்கூடத் தாங்கியிருப்பார். கருப்பர் முன்னால் வைத்த சத்தியத்தை ஒருவன் தள்ளிவிட்டால் அதற்குமேல் உறவில் பேச என்ன இருக்கிறது?

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், தம்பி. "வண்டிக்கு இன்னொன்றும் செய்தோம், பட்டை ஏற்றினோம், நான்தான் ஏற்றச் சொன்னேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பட்டைக்கும் நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது நான் அல்ல. வழிக்கணக்குப் போடுகிற பிள்ளைகளிடம், "உனக்குத் தேவையில்லைன்னு தோணுற வரியையும் எழுது, அதுலதான் தப்பு ஒளிஞ்சிருக்கும்" என்று வருஷக்கணக்காகச் சொன்னவள், என் வரியை மட்டும் எழுதாமல் விட்டேன். எல்லோர் முன்னாலும் நீ என்னைப் பார்த்து "என்னம்மா இது" என்று கேட்டுவிடுவாயே என்ற பயம். அவ்வளவுதான். அதற்குமேல் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

நீ வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஓசூருக்குப் போனாய். இந்த வருஷம் புரட்டாசியில், "சவரிகிட்டக் காமிச்சு ஓடுற மாதிரி பண்ணி வித்துருங்கம்மா" என்றாய். சவரிமுத்து ஆவூரிலிருந்து வந்து ஆலங்குடியில் பட்டறை போட்டிருப்பவன். சின்ன வயசில் இங்கே அத்தை வீட்டில் இருந்து படித்தபோது என் வகுப்பு. வண்டியை எடுக்கும்போது நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"டீச்சர், சும்மா வர்றதா இருந்தா வேணாம். ஒங்களுக்கு வேலை இருக்கு" என்றான்.

"என்னடா வேலை?"

"நான் ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கேன், கையில என்ன வருதுன்னு எனக்குத் தெரியும். உக்காந்த எடத்துல என்ன வருதுன்னு நீங்கதான் சொல்லணும். மார்க்காப் போடுங்க. பத்துக்கு எத்தனைன்னு."

கறம்பக்குடிச் சாலையில் ஓட்டினான். நாற்பதில் இரண்டு மார்க் போட்டேன். ஐம்பத்தைந்தில் ஏழு. எழுபதில் நான்கு. "டீச்சர் ஏழு போட்டா அது மத்தவங்க போடுற ஒம்போது. எனக்கு முப்பத்தஞ்சுக்கு மேல போட்ட கையா இது?" என்று சிரித்தான். ஸ்டியரிங் ஆடவில்லை, அதனால் முன்பக்கம் இல்லை என்றான். அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போதே நியூட்ரலில் தள்ளினான். நடுக்கம் அப்படியே இருந்தது. அதனால் எஞ்சினும் இல்லை. மறுநாள் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டினான். அதே ஏழு. அவன் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்த அழகைப் பார்த்து, இவனுக்கா முப்பத்தைந்து போட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் எல்லோரும் பாகத்தை மாற்றி, நடுக்கம் போகிறதா என்று பார்த்தார்கள். இவன் ஒருவன்தான் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று கேட்டான்.

மூன்றாம் நாள் பக்கத்துக் கடையிலிருந்து இருபத்தைந்து உர மூட்டையை ஏற்றினான். ஐம்பத்தைந்தில் ஓட்டினான். நான் ஒரு மார்க் போட்டேன்.

"நெசமாவா டீச்சர்?"

"நெசமாத்தான்டா. மெத்தை மாதிரி போகுது."

மூட்டையை இறக்கி ஓட்டினால் மறுபடியும் ஏழு. வண்டியை நிறுத்திவிட்டு, "ஏத்தினா நல்லாயிருக்கு, எறக்கினா ஆடுது. ஏத்துறப்ப என்ன மாறுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கீழே போனான்.  பிறகு அடியிலிருந்து எண்ணுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "டீச்சர், ரெண்டு பட்டை கூட இருக்கு" என்றான்.

அவன் விளக்கியதை உனக்கு எழுதுகிறேன், நீ என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வாய். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீள ஷாஃப்ட் ஓரளவு நேராக இருந்தால்தான் சீராகச் சுற்றும். கூடுதல் பட்டை பின்பக்கத்தைத் தூக்கிவிட்டதால் ஷாஃப்ட் சாய்ந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைச் சாய்த்துப் பிடித்துத் திருகிப் பார், ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் திக்கும். அதுதான் நடுக்கம். பாரம் ஏற்றினால் பட்டை தணியும், ஷாஃப்ட் நேராகும். நீ ஏற்றியதோ கன்று. அந்த எடைக்கு அது ஒருநாளும் தணியாது. புதுக் கிராஸும் சாய்ந்தே சுற்றித் தேய்ந்துபோனது. நீ சொன்னதுதான் தம்பி, ஒரு எழுத்து மாறாமல். தூக்கிப் போடும் என்றாய், தூக்கிப் போட்டது.

"யாரு டீச்சர் போட்டது? ஒங்க மகன் பட்டை ஏத்த மாட்டேன்னு இங்க வந்து என்கூட வாதாடினவனாச்சே" என்று சவரி கேட்டான்.

"தெரியலையே" என்றேன்.

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். என்னிடம் படித்தவன், நான் பொய் சொல்வதைப் பார்த்துவிட்டு நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். "கீழ ஏதோ பாகமாம், சரி பண்ணிட்டான்" என்றேன். "அதான் அப்பவே சொன்னேன்ல. கல்ல ஏத்தி அடிச்சிருக்கான்" என்றாய். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் தெரியாமல் இருந்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அதுவும் இல்லை. அந்த இரண்டு பட்டையையும் சவரி கழற்றியதிலிருந்து வண்டி பூப்போலப் போகிறது. நான் யாருக்கும் விற்கவில்லை.

நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். கையில் பத்திரிகை கொண்டுபோகவில்லை. கண்ணன் இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், வாசலில் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி செல்வி உள்ளேயிருந்து வந்து, "ஏன் பெரியம்மா, ரெண்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் பேப்பர் திருத்தி முடிச்சீங்களாக்கும்?" என்றாள். கண்ணன் அவளை அதட்டினான். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்டது சரிதான்.

"பட்டைதான் காரணமா இருக்கும்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் அத்தை" என்றான் கண்ணன்.

"பின்ன ஏன்டா சொல்லலை?"

"நீங்க சொல்லாதன்னீங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சூடம் எரியிறப்ப ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

 அவனே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். மாமா உள்ளேதான் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கும், வெளியே வரவில்லை. கிளம்பும்போது கண்ணன் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான். "மாப்ள மேல எனக்குக் கோவம் இல்ல அத்தை. அவன் தெரியாமப் பேசினான்" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் சொல்லாமல் விட்ட மீதி என்னவென்று எனக்குத் தெரியும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். வரப்போகிற பெண்ணுக்கு அவளுக்குத் தெரியாமல் நல்லது செய்யாதே. செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. அவள் கோபித்துக்கொள்வாள், இரண்டு நாளில் தீரும். சொல்லாமல் விட்டது தானாகத் தீராது. அதற்கு வேறு யாரோ ஒருவர் பழி சுமக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது, தம்பி. இத்தனை சின்ன விஷயத்தை இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிந்ததில் வந்த களைப்பு.

முதல் பத்திரிகையை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். மாமா பெயரை நான் எழுதவில்லை, உன் கையால் எழுது. சனிக்கிழமை வரும்போது புதுக்கோட்டையில் பஸ் மாறி ஆலங்குடியில் இறங்கிவிடாதே. அதே பஸ்ஸில் கறம்பக்குடி வரைக்கும், மாமா வீட்டுக்குப் போ. அங்கே போய் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், அந்தத் தகுதியை இழந்துவிட்டேன். என்மேல் இருக்கிற கோபத்தை மட்டும் அந்த வாசலுக்குக் கொண்டுபோகாதே. அதை நம் வீட்டுக்குக் கொண்டுவா. நான் எங்கேயும் போகமாட்டேன். நீ எதைக் கேட்டாலும், இந்தத் தடவை பதில் சொல்வேன்.

அம்மா